கஞ்சி கடல் கடந்த கதை

க.பொ.த. உயர்தரம், கலைப் பிரிவு

ஆங்கிலத்துக்குத் தமிழ் வழங்கிய சொற்கள் எவை என்று வகுப்பில் கேட்டால், கட்டுமரம், கறி, சுருட்டு, மிளகுதண்ணீர் என்று விடைகள் வரிசையாக வரும். கட்டுமரம் ‘கற்றமரான்’ ஆனதும், சுருட்டு ‘ஷெரூட்’ ஆனதும், மிளகுதண்ணீர் ‘மலிகற்றோனி’ என்ற சூப் ஆனதும் பலரும் எழுதிய செய்திகள். அந்த வரிசையில் அடிக்கடி விடுபட்டுப் போகும் சொல் ஒன்று உண்டு. நோயாளியின் தலைமாட்டிலும், ஏழையின் அடுப்பிலும், ரமழான் மாதத்தில் நமது பள்ளிவாசல் முற்றத்திலும் வாழும் சொல் அது. அதுதான் கஞ்சி.

ஆங்கில அகராதிகளில் இது ‘கொன்ஜி’ என்று இடம்பெற்றிருக்கிறது. ஒக்ஸ்போர்ட் அகராதி உட்பட முக்கியமான அகராதிகள் அதன் மூலம் தமிழ் என்றே குறிப்பிடுகின்றன. இச்சொல் எவ்வாறு புறப்பட்டது, யார் யார் வாயில் புகுந்தது, போன இடத்தில் என்ன பொருள் பெற்றது, நம்மிடம் தங்கியிருக்கும் பொருள் என்ன என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வீட்டில் அதன் பொருள்

நமது பேச்சில் கஞ்சி என்ற சொல்லுக்குக் குறைந்தது மூன்று பொருள்கள் உள்ளன. முதலாவது, சோறு வெந்ததும் வடித்தெடுக்கும் நீர். இதை வடிகஞ்சி என்போம். உப்பும் சிறிது தேங்காய்ப்பாலும் விட்டுக் குடிப்பவர்கள் இன்றும் உண்டு. மிஞ்சினால் மாட்டுக்கு வைப்பார்கள். இரண்டாவது, அரிசியை நிறைய நீரில் குழைய வேகவைத்துச் செய்யும் உணவு. பாற்கஞ்சி, பயற்றங்கஞ்சி, உள்ளிக்கஞ்சி, இலைக்கஞ்சி எல்லாம் இந்த வகை. மூன்றாவது, துணிக்குப் போடும் கஞ்சி. வெள்ளைச் சீருடையைக் கஞ்சி போட்டு அயன் பண்ணும்போது நாம் சொல்வது இந்தப் பொருளைத்தான்.

இவை தவிர, வறுமையைச் சொல்லவும் இச்சொல் பயன்படுகிறது. “கஞ்சிக்கும் வழியில்லை” என்றால் இதற்குக் கீழே இறங்க வேறு படி இல்லை என்பது பொருள். பஞ்ச காலத்தில் பசித்தவர்களுக்கு உணவு வழங்கத் திறக்கும் இடத்துக்குத் தமிழ்நாட்டில் ‘கஞ்சித் தொட்டி’ என்று பெயர். மூன்று பொருள்களையும் இந்த வறுமைக் குறிப்பையும் வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் கஞ்சி கடல் கடந்தபோது இவை எல்லாமே அதனுடன் சென்றன.

தமிழில் அதன் வயது

ஒரு சொல் பிறமொழிக்குப் போனது என்று சொல்வதற்கு முன், அது நம்மிடம் எப்போதிருந்து இருக்கிறது என்று காட்ட வேண்டும். கஞ்சிக்கு நல்ல சான்று சங்க இலக்கியத்திலேயே கிடைக்கிறது. பத்துப்பாட்டில் ஒன்றான பட்டினப்பாலை, கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. கரிகாலனின் துறைமுக நகரமான காவிரிப்பூம்பட்டினத்தை அது வருணிக்கிறது. அந்நகரின் சோறு வழங்கும் சாலைகளில் வடித்த கொழுப்பான கஞ்சி வீதியில் பெருகி ஓடியதாகவும், காளைகள் அதில் மோதிச் சேறாக்கியதாகவும் புலவர் காட்டுகிறார்.

இங்கு கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, அங்கே கஞ்சி என்பது சோறு வடித்த நீர். நாம் இன்று வடிகஞ்சி என்று சொல்லும் அதே பொருள். மற்றது, அது ஒரு துறைமுகம். மரக்கலங்கள் வந்து போன நகரத்திலேயே இச்சொல் வீதியில் ஓடிக்கொண்டிருந்தது.

தமிழின் உறவு மொழிகளிலும் இச்சொல் உண்டு. மலையாளத்தில் ‘கஞ்ஞி’ என்பர். கன்னடம், துளு, தெலுங்கு ஆகியவற்றிலும் கஞ்சிதான்; ஆனால் ‘கங்கை’ என்னும்போது முதலெழுத்தை ஒலிப்பதுபோல அதன் முதலெழுத்தை ஒலிப்பார்கள். பரோ, எமனோ என்ற இரு அறிஞர்கள் 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி இச்சொற்களை ஒரே குடும்பமாகத் தொகுத்துள்ளது.

வடமொழியில் ‘காஞ்ஜிகா’ என்றொரு சொல் இருப்பதையும் மறைக்கக் கூடாது. அது புளித்த கஞ்சி நீரைக் குறிக்கும். வட இந்தியாவில் கரட்டும் கடுகும் சேர்த்துப் புளிக்க வைக்கும் ஒரு பானத்துக்கு இன்றும் ‘காஞ்ஜி’ என்றுதான் பெயர். தமிழ்ச் சொல்லுக்கும் வடமொழிச் சொல்லுக்கும் இடையே எது முந்தியது என்பதில் அறிஞர்கள் ஒருமித்த கருத்தில் இல்லை. ஆனால் நமது கேள்வி ஆங்கிலம் யாரிடம் வாங்கியது என்பது. ஆங்கிலக் கொன்ஜியில் புளிப்பு என்ற பொருள் சிறிதும் இல்லை. அதில் இருப்பவை சோறு வடித்த நீர், குழைந்த அரிசி, துணிக்குப் போடும் பசை ஆகியவையே. அவை மூன்றும் நம் வீட்டுப் பொருள்கள்.

காதால் கேட்டு எழுதியவர்கள்

ஐரோப்பியரில் இச்சொல்லை முதலில் எழுத்தில் பதித்தவர்களில் போர்த்துக்கேயர் முக்கியமானவர்கள். வஸ்கொட காமா 1498இல் கள்ளிக்கோட்டைக்கு வந்தார். 1510இல் கோவா அவர்கள் கைக்குப் போனது. அங்கு வாழ்ந்த கார்சியா த ஓர்ட்டா என்ற மருத்துவர், இந்தியாவின் மூலிகைகளையும் மருந்துகளையும் பற்றி உரையாடல் வடிவில் ஒரு நூல் எழுதி 1563இல் கோவாவிலேயே அச்சிட்டார். கடும் வயிற்றோட்ட நோயாளிகளுக்கு இந்நாட்டு வைத்தியர்கள் மிளகும் சீரகமும் சேர்த்த அரிசி நீரைக் குடிக்கக் கொடுக்கிறார்கள் என்றும், அதை ‘கன்ஜே’ என்கிறார்கள் என்றும் அதில் குறித்துள்ளார்.

அந்த வைத்தியத்தில் பொருள் இருந்தது என்பதைப் பின்னைய மருத்துவமும் ஏற்றுக்கொண்டது. 1980களில் டாக்காவிலுள்ள சர்வதேச வயிற்றோட்ட நோய் ஆய்வு நிலையத்தில், சீனிக்குப் பதிலாக அரிசி மா சேர்த்த உப்புக் கரைசல் நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டு நல்ல பயன் காணப்பட்டது. காய்ச்சலும் வயிற்றோட்டமும் வந்தால் “கொஞ்சம் கஞ்சித் தண்ணி குடு” என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது வெறும் பழக்கம் அன்று.

போர்த்துக்கேய மொழியில் இச்சொல் ‘கன்ஜ’ என்று நிலைத்தது. இன்று போர்த்துக்கலிலும் பிரேசிலிலும் கோழியும் அரிசியும் போட்டுக் காய்ச்சும் ஒரு சூப்புக்கு அதுவே பெயர். காய்ச்சல்காரருக்கும் பிள்ளை பெற்ற தாய்க்கும் அங்கும் அதையே கொடுக்கிறார்கள். எளிதான வேலையை “அது கன்ஜ” என்று சொல்லும் பேச்சு வழக்கும் அவர்களிடம் உண்டு.

போர்த்துக்கேய அகராதிகள் பல இச்சொல்லின் மூலம் மலையாளம் என்று எழுதுகின்றன. அவர்கள் முதலில் இறங்கியது மலையாளக் கரை என்பதால் அது இயல்பே. எனினும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். அக்காலப் போர்த்துக்கேயர் தமிழையும் ‘மலபார்’ மொழி என்றே அழைத்தனர். 1578இல் கொல்லத்தில் அச்சான முதல் தமிழ் நூல்களில் ஒன்றான ‘தம்பிரான் வணக்கம்’ அந்தக் கரையில்தான் வெளிவந்தது. பின்னர் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் யாழ்ப்பாணத் தமிழரைக்கூட ‘மலபார்’ மக்கள் என்றே ஆவணங்களில் எழுதினர். ஆகவே பழைய நூல்களில் ‘மலபார்ச் சொல்’ என்று கண்டால் அது மலையாளமாகவும் இருக்கலாம், தமிழாகவும் இருக்கலாம்.

இந்த இடத்தில் ஒலி நமக்கு ஓர் உதவி செய்கிறது. தமிழில் நாம் ‘கஞ்சி’ என்று சகரம் போட்டு எழுதினாலும், ஞகரத்துக்குப் பின் வரும் சகரத்தை ‘ஜி’ என்று மெலித்தே உச்சரிக்கிறோம். இஞ்சி, பஞ்சு, மஞ்சள் எல்லாம் அப்படியே. எழுத்தைப் பார்த்து எழுதியிருந்தால் ஐரோப்பியர் ‘கன்ச்சி’ என்று எழுதியிருப்பார்கள். மலையாளத்து ‘கஞ்ஞி’யில் ஜகர ஒலியே இல்லை. போர்த்துக்கேயச் சொல்லிலும் ஆங்கிலச் சொல்லிலும் ஜகர ஒலி இருக்கிறது. யாரோ ஒருவர் குடிக்கக் கொடுத்து, பெயரையும் வாயால் சொல்லி, மற்றவர் அதைக் காதால் வாங்கி எழுதியிருக்கிறார். அந்த ‘யாரோ ஒருவர்’ பெயர் எந்த அகராதியிலும் இல்லை. பெரும்பாலும் ஒரு சமையற்காரராகவோ, நோயாளியைப் பராமரித்த பெண்ணாகவோதான் இருந்திருப்பார்.

ஆங்கிலேயரின் கஞ்சி

ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனி 1639இல் சென்னையில் நிலம் பெற்று, புனித ஜோர்ஜ் கோட்டையைக் கட்டத் தொடங்கியது. தமிழ்ச் சமையற்காரர், தமிழ்ச் சலவைத் தொழிலாளர், தமிழ்ச் சிப்பாய்கள் ஆகியோரிடையே கம்பனிக்காரர் வாழ்ந்தனர். அவர்களின் அன்றாட ஆங்கிலத்தில் நுழைந்த இந்தியச் சொற்களை எல்லாம் ஹென்றி யூல், ஏ. சி. பேர்னல் என்ற இருவர் தொகுத்து 1886இல் ‘ஹொப்சன் ஜொப்சன்’ என்ற பெயரில் பெரிய அகராதியாக வெளியிட்டனர். இவர்களில் பேர்னல் தமிழ்நாட்டில் நீதிபதியாகப் பணியாற்றியவர்.

அந்த அகராதியில் கொன்ஜிக்குத் தனி இடம் உண்டு. அரிசி வேகவைத்த நீர் என்று முதற்பொருள் தருகிறார்கள். நோயாளியின் பத்திய உணவு என்பதையும், சலவைத் தொழிலாளர் துணிக்குப் போடும் பசை என்பதையும் அடுத்துச் சொல்கிறார்கள். மூலம் தமிழ் என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். நம் வீட்டின் மூன்று பொருள்களும் அங்கே ஒன்றுவிடாமல் இருக்கின்றன.

அதற்குப் பக்கத்தில் இன்னொரு சொல்லும் இருக்கிறது: ‘கொன்ஜி ஹவுஸ்’, அதாவது கஞ்சி வீடு. விருந்து வீடு என்று நினைத்துவிட வேண்டாம். இராணுவப் படைப்பிரிவுகளில் தவறு செய்த சிப்பாய்களை அடைத்து வைக்கும் சிறைக்கூடத்துக்கு அந்தப் பெயர். உள்ளே இருப்பவர்களுக்குக் கொடுக்கப்பட்ட உணவு கஞ்சி என்பதால் அந்தப் பெயர் வந்தது.

மாணவிகளுக்கு ஓர் எச்சரிக்கை. பழைய ஆங்கில நூல்களில் விடைபெறுதல் அல்லது குனிந்து வணங்குதல் என்ற பொருளிலும் ‘கொன்ஜி’ என்ற சொல் வரும். அது பிரெஞ்சு மொழியிலிருந்து வந்த வேறொரு சொல். எழுத்து ஒன்றாக இருப்பதால் இரண்டையும் ஒன்றென்று கொள்ளக் கூடாது.

சீனக் கிண்ணத்தில் தமிழ்ச் சொல்

இன்று கொழும்பிலோ வெளிநாட்டிலோ பெரிய ஹோட்டல்களின் காலை உணவுப் பட்டியலில் ‘கொன்ஜி’ என்று கண்டால், அது பெரும்பாலும் சீன உணவு வரிசையில் இருக்கும். பலரும் அதைச் சீனச் சொல் என்றே நம்புகிறார்கள். ஆனால் சீனர்கள் தங்கள் அரிசிக் கஞ்சியை அப்படி அழைப்பதில்லை. கன்ரனிய மொழியில் அது ‘ஜுக்’. வடசீன மொழியில் ‘ஜோவ்’. கொன்ஜி என்பது சீன உணவுக்கு ஆங்கிலம் பேசுவோர் கொடுத்த பெயர்.

இது எப்படி நடந்தது என்பதை விளங்கிக்கொள்வது கடினமன்று. போர்த்துக்கேயர் 1557 அளவில் மக்காவோவில் நிலைகொண்டனர். ஆங்கிலக் கம்பனியின் கப்பல்கள் சென்னைக்கும் கன்ரன் துறைமுகத்துக்கும் போய்வந்தன. கோவாவிலும் சென்னையிலும் கஞ்சியைக் கண்டு பெயர் தெரிந்துகொண்டவர்கள், சீனத்தில் அதே தோற்றமுள்ள உணவைக் கண்டபோது கையிலிருந்த பெயரையே அதற்கும் வைத்தார்கள். அரிசிக் கஞ்சி காய்ச்சச் சீனர்கள் நம்மிடம் கற்றார்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. அவர்களின் கஞ்சி அவர்களுடையது, மிகப் பழமையானது. பெயர்ப் பலகை மட்டும் நம்முடையது.

மலாய் மொழியிலும் ‘கஞ்சி’ உண்டு. அங்கு அது மாப்பசையைக் குறிக்கும். குடிக்கும் கஞ்சிக்கு அவர்களிடம் ‘புபூர்’ என்ற சொந்தச் சொல் இருக்கிறது. ஒரே சொல்லில் ஒவ்வொரு நாடும் தனக்குத் தேவையான துண்டை எடுத்துக்கொண்டது.

கூழ் ஏன் போகவில்லை?

இங்கு ஒரு கேள்வி எழுகிறது. யாழ்ப்பாணத்தின் பெருமைக்குரிய உணவு கூழ். ஒடியல் மா, மீன், நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் சேரும் ஒடியற்கூழும், நவாலியூர் சோமசுந்தரப் புலவர் சிறுவர்களுக்காகப் பாடிய ஆடிக்கூழும் நம் மண்ணில் எல்லோருக்கும் தெரியும். போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். 1658இல் ஒல்லாந்தரும், 1795இல் ஆங்கிலேயரும் வந்தனர். மூன்று ஐரோப்பிய இனத்தார் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் இங்கு இருந்தும், கூழ் ஆங்கில அகராதியில் கஞ்சியைப்போல இடம்பிடிக்கவில்லை. கஞ்சி மட்டும் ஏன் பிடித்தது?

என் கருத்து இது. கூழ் வீட்டு முற்றத்தில் உறவினர் கூடியிருந்து குடிப்பது. பனை வளரும் மண்ணும் கடலும் அருகருகே வேண்டும். அந்நியர் அந்த முற்றத்துக்குள் அதிகம் வரவில்லை. கஞ்சிக்கு அரிசியும் நீரும் போதும். கப்பலில், மருத்துவமனையில், சிறையில், சலவைத் துறையில் என்று அந்நியர் நம் மக்களைச் சந்தித்த இடங்களில் எல்லாம் அது இருந்தது. நோயுற்ற ஐரோப்பியருக்கு அதைக் கொடுத்தார்கள். தண்டனை பெற்ற சிப்பாய்க்கு அதைக் கொடுத்தார்கள். அதனால் சொல்லும் அந்த வாசல்களாலேயே வெளியேறியது.

இதன் விளைவு ஆங்கிலச் சொல்லில் தெரிகிறது. ஹொப்சன் ஜொப்சனைப் படிக்கும் ஒருவர் கஞ்சியை நோயாளியின் உணவாகவும், கைதியின் உணவாகவும், துணியின் பசையாகவுமே அறிவார். கஞ்சியைப் பகிர்ந்து குடிக்கும் மனிதர்களை அவர் அங்கே காணமாட்டார்.

நம்மிடம் தங்கிய பொருள்

அந்த மனிதர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். ரமழான் வந்தால் அஸர் தொழுகைக்கு முன்பே பள்ளிவாசலில் பெரிய கிடாரம் அடுப்பேறும். அரிசி, இறைச்சி, இஞ்சி, உள்ளி, வெந்தயம், ரம்பை, கறுவா, ஏலம், கடைசியில் தேங்காய்ப்பால். சிறுவர்கள் வாளிகளுடன் வரிசையில் நிற்பார்கள். செல்வந்தர் வீட்டுக்கும் கூலித் தொழிலாளி வீட்டுக்கும் ஒரே கிடாரத்திலிருந்து ஒரே அகப்பையால் வார்க்கப்படும். நோன்பாளி ஒருவருக்கு நோன்பு திறக்கக் கொடுப்பவருக்கும் அவரைப் போன்ற நன்மை உண்டு என்ற நபிமொழிக் கருத்தை நாம் அந்த வரிசையில் நின்றே கற்றுக்கொள்கிறோம். தமிழ்நாட்டில் நோன்புக் கஞ்சிக்காக ஆண்டுதோறும் அரசே பள்ளிவாசல்களுக்கு அரிசி வழங்குகிறது.

சென்ற வருடம் ரியூசன் வகுப்பில் ஒரு தோழி என்னிடம், “உங்கட நோன்புக் கஞ்சி எண்டுறது அரபுச் சொல்லோ?” என்று கேட்டாள். அவள் கேலியாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டாள். நோன்பு தமிழ், கஞ்சி தமிழ், இரண்டும் சங்க காலத் தமிழோடு தொடர்புள்ளவை என்று நான் சொன்னபோது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. அரபில் இதற்கு அண்மையான உணவு ‘ஷூர்பா’. நாமோ அதைக் கஞ்சி என்றே சொல்லி வருகிறோம். நோன்பு, தொழுகை, பள்ளிவாசல், பெருநாள் என்று மார்க்கத்தின் முக்கியமான செயல்களையே நம் முன்னோர் தமிழால் அழைத்தார்கள். இச்சொற்கள் நமக்கு யாரும் இரவல் தந்தவை அல்ல. இது எங்கள் தாய்மொழி.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1990 ஒக்டோபர் மாதத்தின் இறுதியில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் சில மணி நேர அவகாசத்தில் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டனர். பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்தில் ஓலைக் குடிசைகளில் தங்கினர். அடுத்த ரமழான் 1991 மார்ச்சில் வந்தது. அந்த முதல் நோன்பைப் பற்றி உம்மம்மா சொல்லும்போது இறைச்சி, ரம்பை எதையும் சொல்லமாட்டா. “அரிசியும் தேங்காயும் இருந்தது, கஞ்சி காய்ச்சினம். பக்கத்துக் குடிலுக்கும் குடுத்தம்” என்று மட்டும்தான் சொல்வா. வீட்டுச் சாமான்களைக் கொண்டுபோக முடியாத மக்கள் சொற்களைக் கொண்டுபோனார்கள். ஊர் திரும்பியபோது அவற்றைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

வடக்கில் கஞ்சிக்கு இன்னொரு நினைவும் இருக்கிறது. 2009இல் போரின் கடைசி மாதங்களில் முள்ளிவாய்க்கால் பகுதியில் சிக்கியிருந்த தமிழ் மக்கள் அரிசியும் நீரும் உப்பும் சேர்த்த கஞ்சியை வரிசையில் நின்று வாங்கி உயிர் பிழைத்தார்கள். இப்போது ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் இறந்தவர்களை நினைத்து அதே கஞ்சியைக் காய்ச்சி வீதியில் போவோருக்கு வழங்குகிறார்கள். நோன்புக் கஞ்சியும் முள்ளிவாய்க்கால் கஞ்சியும் வேறு வேறு. அவற்றின் காரணமும் சுவையும் வேறு. ஆனால் இழந்தவர்களும் பசித்தவர்களும் ஒரே கிடாரத்தைச் சுற்றி நிற்பதைச் சொல்ல, இம்மண்ணின் இரு சமூகங்களிடமும் இருக்கும் சொல் ஒன்றுதான். என் சமூகத்தின் துயரைத் தோழிக்கும், தோழியின் துயரை எனக்கும் விளக்க வேறு மொழி தேவைப்படவில்லை. இதைவிட மேலாக ஒரு மொழி நமக்கு என்ன செய்து தர முடியும்?

சொல்லாய்வு செய்வோருக்கு

கஞ்சியின் கதையிலிருந்து சொல்லாய்வுக்கு நான்கு கேள்விகளை எடுத்துக்கொள்ளலாம். ஒரு சொல் தமிழிலிருந்து போனது என்று யாராவது சொன்னால் இவற்றைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

1. ஒலி பொருந்துகிறதா? எழுத்தைப் பார்க்காமல் உச்சரிப்பைப் பார்க்க வேண்டும்.
2. பொருள் பொருந்துகிறதா? கஞ்சியில் மூன்று பொருள்களும் பொருந்தின.
3. இரு மொழியினரும் சந்தித்த இடமும் காலமும் தெரியுமா?
4. அதற்கு முன்பே அச்சொல் தமிழில் இருந்ததற்குச் சான்று உண்டா?

இந்த நான்கையும் கஞ்சி தாண்டுகிறது. ஆனால் எல்லாச் சொல்லும் தாண்டாது. ‘ரைஸ்’ என்ற ஆங்கிலச் சொல் நமது அரிசியிலிருந்து வந்தது என்று மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். ஆங்கிலம் அதைப் பிரெஞ்சிலிருந்தும், அதற்கு முன் இலத்தீனும் கிரேக்கமும் வழியாகவும் பெற்றது. கிரேக்கத்தின் ‘ஒரூஸா’ அரிசியிலிருந்து வந்ததென்று சிலரும், பழைய ஈரானிய மொழி ஒன்றிலிருந்து வந்ததென்று வேறு சிலரும் சொல்கிறார்கள். மூன்றாவது கேள்விக்கு அங்கே உறுதியான விடை இல்லை. உறுதி இல்லாததை உறுதி என்று சொன்னால், உறுதியானதையும் பிறர் நம்பமாட்டார்கள். தமிழைப் பெருமைப்படுத்த மிகைப்படுத்தல் தேவையில்லை.

தமிழ் அகராதிப் பணியில் யாழ்ப்பாணத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 58,500 சொற்களைக் கொண்ட யாழ்ப்பாண அகராதி 1842இல் மானிப்பாயில் அச்சானது. உடுவிலில் பணியாற்றிய மிரன் வின்சுலோவின் தமிழ் ஆங்கில அகராதி, 67,000க்கும் அதிகமான சொற்களுடன் 1862இல் வெளிவந்தது. அந்தப் பணி முடிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். நம் உம்மாமாரும் உம்மம்மாமாரும் சமையலறையில் பேசும் எத்தனையோ சொற்கள் இன்னும் எந்த நூலிலும் ஏறவில்லை. இடம்பெயர்ந்து வாழ்ந்த தலைமுறை முதுமை அடைந்து வருகிறது. அவர்களுடன் அச்சொற்களும் போய்விடக் கூடாது.

ஆகவே தோழியரே, அடுத்த விடுமுறையில் ஒரு கொப்பியை எடுங்கள். வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் எத்தனை வகைக் கஞ்சி தெரியும் என்று கேளுங்கள். பெயர், சேர்க்கும் பொருள், எந்த ஊரில், யாருக்குக் காய்ச்சினார்கள் என்பவற்றை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள். பெற்றோரே, பிள்ளை கேட்க வரும்போது “இதெல்லாம் பாடத்துக்கு உதவாது” என்று அனுப்பிவிடாதீர்கள். கல்லூரித் தமிழ் மன்றம் அவற்றைத் தொகுத்தால், அடுத்த இதழிலேயே நம் ஊரின் கஞ்சி அகராதி ஒன்றைப் பத்துப் பக்கத்தில் வெளியிடலாம்.